விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு: வீட்டுக் கணினியை மாற்ற முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதற்கு முன்னும் பின்னுமாக, உறவினர் வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் ஒரு டஜன் கணினிகளுக்கு மேல் 11-க்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். சிலரை அவர்களையே செய்யவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்தேன். 'இன்ஸ்டால்' பொத்தானை அழுத்திய பிறகு தடுமாறியவர்கள் குறைவு. அதற்கு முந்தைய வேலைகளை முன்பின்னாகச் செய்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள், முக்கியமாக 2 முதல் 5 வரை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: உங்கள் ஃபைல்கள் அனைத்தும் கொள்ளும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ், மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்ட், இடைப்பட்ட நேரத்தில் பார்க்க இணையம் உள்ள ஒரு ஃபோன், அப்புறம் ஒரு முழு மதியம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிக்காதீர்கள். ஏதாவது நின்றுபோனால் தூக்கக் கலக்கத்தில் பவர் பட்டனை அழுத்தத் தோன்றும்.

1. கணினிக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'பிசி ஹெல்த் செக்' என்ற சின்ன மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஓடவிட்டால் எது இருக்கிறது, எது இல்லை என்று பட்டியல் போட்டுச் சொல்லிவிடும். தேவைகள் இவை: அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள 64 பிட் பிராசஸர், 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்), யூஇஎஃப்ஐ முறையில் (கணினி கிளம்பும் புதிய முறை) செக்யூர் பூட் வசதி (நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்பவிடுவது). பிராசஸரைப் பொறுத்தவரை, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல் என்று தோராயமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

4 ஜிபி ராம் என்பது ஏட்டுக் கணக்கு. அதில் விண்டோஸ் 11 ஓடும், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறும். 8 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் முதலில் ராம் போடுங்கள். இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே விண்டோஸ் ஓடுகிறதென்றால் எஸ்எஸ்டி மாற்றிவிட்டு இந்த வேலைக்கு வாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் 11-ஐப் போட்டுவிட்டு "புதுசு ரொம்ப ஸ்லோ" என்று அலுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முடிவில் சிவப்புக் குறி வந்தால் எதற்காக வந்தது என்று படியுங்கள். டிபிஎம், செக்யூர் பூட் என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அவை அணைத்து வைக்கப்பட்டிருக்கும், ஐந்தாம் படியில் எழுப்பிவிடலாம். பிராசஸர் என்றால் அதற்கு மேல் வழியில்லை. தகுதியில்லாத கணினியிலும் விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி ஏற்றும் குறுக்கு வழிகள் உலவுகின்றன. அப்படி ஏற்றிய கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? அது கிடைக்குமா என்றே தெரியாத இடத்துக்கு மாறி என்ன பயன்?

அத்தகைய கணினிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, விண்டோஸ் 10-இலேயே இருந்துகொண்டு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்வது. வீட்டுப் பயனர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. கணினி விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். இன்னொன்று, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். பிரவுசர், மெயில், படம் பார்ப்பது என்ற அளவில் பயன்படுத்துபவருக்கு அது தாராளம். டேலி வைத்துக் கணக்கு எழுதுபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

2. பேக்கப் எடுங்கள், எடுத்ததைத் திறந்தும் பாருங்கள்

அப்கிரேடில் ஃபைல்கள் அப்படியே இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஐந்தாம் படியில் டிஸ்க்கின் அமைப்பையே மாற்ற வேண்டி வரலாம். அங்கே கரன்ட் போனால் எல்லாமே போகலாம். அதனால்தான் பேக்கப் இத்தனை முன்னால் வருகிறது.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நாலையும் எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். விட்டுப்போவது வேறு இடங்களில் இருப்பவை. அவுட்லுக்கில் மெயில் வைத்திருப்பவர்களுக்கு அதன் பிஎஸ்டி ஃபைல். டேலி டேட்டா ஃபோல்டர். அது எங்கே இருக்கிறது என்று டேலிக்குள்ளேயே காட்டும். சி டிரைவில் நேராக உருவாக்கிய 'நியூ ஃபோல்டர் 2' வகையறாக்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், கணக்கோடு சிங்க் ஆகாமல் இருந்தால்.

காப்பி முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, ஃபோல்டருக்கு ஒன்றாக நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பேர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத ஃபைல்களை நான் பார்த்திருக்கிறேன். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் 'ஆன்லைனில் மட்டும்' என்றிருப்பவற்றைக் காப்பி செய்யும்போது இணையம் அறுந்தால் சில ஃபைல்கள் விட்டுப்போகும். பார்த்து முடித்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். அவசரத்தில் பேக்கப் டிஸ்க்கையே அழிப்பது நடக்காத காரியமில்லை.

3. தமிழ் எழுத்துருக்களையும் பழைய மென்பொருள்களையும் தனியே எடுத்து வையுங்கள்

இதை எந்த ஆங்கில வழிகாட்டியும் சொல்லாது. நம்மில் நிறையப் பேரிடம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் இருக்கின்றன: பாமினி, வானவில், டாம், டாப் என்று. அந்த ஃபைல்களுக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு இருக்கும்வரை அவை தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் உளறலாகத் தெரியும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சுத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றிக்கொண்டார். மறுநாள் பத்து வருடக் கட்டுரைகள் எல்லாம் 'கெட்டுப்போய்விட்டன' என்று கலங்கிப்போய் வந்தார். ஒன்றும் கெடவில்லை, எழுத்துரு மட்டும்தான் இல்லை. நண்பரிடமிருந்து பாமினி வாங்கிப் போட்டதும் எல்லாம் திரும்பி வந்தன.

எழுத்துருக்கள் இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்'. இன்னொன்று உங்கள் பயனர் ஃபோல்டரில் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா', அதற்குள் 'லோக்கல்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'ஃபான்ட்ஸ்' என்று போகும் பாதை. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் சாதாரணமாக நிறுவிய எழுத்துரு இந்த இரண்டாவது இடத்துக்குத்தான் போகிறது. இரண்டையும் காப்பி செய்யுங்கள். அழகி, என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களில் எதைப் பயன்படுத்துகிறீர்களோ அதன் செட்டப் ஃபைலையும் சேர்த்து வையுங்கள்.

வருமான வரி, ஜிஎஸ்டி தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாவி டோக்கனுக்குள்தான் இருக்கிறது, கணினியில் இருப்பது அதன் டிரைவர் மட்டுமே. டிரைவர் செட்டப்பை எடுத்து வைத்தால் போதும். தாக்கல் கடைசி தேதி நெருங்கும் வாரத்தில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள். கணினியை முழுவதும் அழித்து ஏற்றப்போகிறீர்கள் என்றால், டேலி லைசென்ஸை முன்னதாகவே அதற்குள் போய் 'சரண்டர்' செய்துவிடுங்கள்.

4. பிட்லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

பிட்லாக்கர் என்பது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி. "நான் பிட்லாக்கரே போடவில்லையே" என்பார்கள். பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததுமே அதே வகைப் பூட்டான 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாக இயங்கத் தொடங்கிவிடும். அந்த நிலையில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பில்) டிபிஎம்மையோ செக்யூர் பூட்டையோ தொட்டால், அடுத்த முறை ஆன் செய்யும்போது நீலத்திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். கொடுக்காவிட்டால் ஃபைல்கள் கிடைக்காது. யாரிடம் போனாலும் கிடைக்காது.

என் அத்தை மகளின் லேப்டாப்பில் இதுதான் நடந்தது. சாவி கணக்கில் இருக்கும் என்று சொல்லித் தேடினால் காணோம். லேப்டாப் விற்ற கடையில் இருந்தவர் தன்னுடைய மெயில் ஐடியை வைத்தே முதலில் திறந்து கொடுத்திருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்துச் சாவி வாங்க ஒரு வாரம் ஆயிற்று.

அதனால் செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று தேடுங்கள். ஆன் என்றிருந்தால், ஃபோனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் ரெகவரி கீ இருக்கிறதா என்று பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஹோம் பதிப்பில் அதை ஆஃப் செய்துவிடுங்கள். டிஸ்க்கின் பூட்டை முழுவதும் எடுத்து முடிக்க நேரம் பிடிக்கும், பொறுங்கள். புரோ பதிப்பில் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்தாலே போதும்.

5. டிஸ்க்கை முதலில் மாற்றுங்கள், பயாஸை அப்புறம் தொடுங்கள்

ஹெல்த் செக்கில் எல்லாம் பச்சை என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். இல்லாதவர்கள் இங்கே நிதானமாக இருங்கள், அதிகம் பேர் விழும் இடம் இது.

விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் 'எம்எஸ்இன்ஃபோ32' (msinfo32) என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'யூஇஎஃப்ஐ' என்றிருந்தால் நல்லது. பயாஸுக்குள் போய் டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் ஆன் செய்தால் வேலை முடிந்தது. 'லெகசி' (பழைய முறை) என்றிருந்தால் உங்கள் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது. எம்பிஆர், ஜிபிடி என்பவை டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் இரண்டு முறைகள். யூஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் கிளம்ப வேண்டுமானால் டிஸ்க் ஜிபிடி முறையில் இருக்க வேண்டும்.

எல்லோரும் செய்யும் தவறு, நானும் முதல் தடவை பெரியப்பா வீட்டில் செய்த தவறு: பயாஸில் நேராகப் போய் லெகசியை யூஇஎஃப்ஐ என்று மாற்றிவிடுவது. உடனே 'பூட் டிவைஸ் இல்லை' என்று கறுப்புத் திரை. ஹார்ட் டிஸ்க்கே போய்விட்டது என்று பெரியப்பா நினைத்துவிட்டார். உங்களுக்கும் அப்படி ஆனால், மறுபடி லெகசிக்கே மாற்றுங்கள், பழையபடி வந்துவிடும்.

சரியான வரிசை இது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். 'எம்பிஆர்2ஜிபிடி' (mbr2gpt) என்ற கட்டளை விண்டோஸ் 10-இலேயே இருக்கிறது. முதலில் அதை '/வேலிடேட் /அலோஃபுல்ஓஎஸ்' (/validate /allowFullOS) என்ற இரண்டு சொற்களோடு ஓட்டுங்கள், எல்லாம் ஆங்கில எழுத்தில். இது எதையும் மாற்றாது, மாற்ற முடியுமா என்று சோதித்து மட்டும் சொல்லும். வெற்றி என்று வந்தால் '/வேலிடேட்' இருந்த இடத்தில் '/கன்வர்ட்' (/convert) என்று போட்டு ஓட்டுங்கள். சில நொடிகளில் முடிந்துவிடும். இனி லெகசி முறையில் விண்டோஸ் கிளம்பாது. ஆகவே அப்படியே ரீஸ்டார்ட் செய்து, பயாஸுக்குள் நுழைந்து யூஇஎஃப்ஐக்கு மாற்றுங்கள்.

நம் ஊர் அசெம்பிள் கணினிகளில் சோதனை அடிக்கடி தோற்கும். காரணம், கடையில் டிஸ்க்கை சி, டி, இ, எஃப் என்று துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம். இந்தக் கருவிக்கு பிரைமரி பார்ட்டிஷன் (டிஸ்க்கின் முதன்மைப் பிரிவு) மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட், லாஜிகல் வகைகள் இருக்கவே கூடாது. அதே டிஸ்க்கில் இருக்கும் கடைசி டிரைவ்களின் உள்ளடக்கம் பேக்கப்பில் இருக்கிறதா என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அவற்றை நீக்குங்கள். பிறகு மறுபடி சோதனை. மாற்றம் முடிந்த பின் காலி இடத்தில் புதிதாக ஒரு டிரைவ் உருவாக்கிக்கொள்ளலாம்.

பயாஸுக்குள் போக, ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள், சில லேப்டாப்களில் எஃப்10. உள்ளே பல நேரம் டிபிஎம் என்ற பெயரே இருக்காது, அதுதான் குழப்பம். இன்டெல் என்றால் 'பிடிடி' என்றும் ஏஎம்டி என்றால் 'எஃப்டிபிஎம்' என்றும் தேடுங்கள். 'சிஎஸ்எம்' என்றிருப்பதை, அதாவது லெகசி முறைக்கான வசதியை, அணையுங்கள். செக்யூர் பூட்டை ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் திரையை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் துணை.

ரொம்பப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு போட்டவர்கள் சிஎஸ்எம்மை அணைத்ததும் மானிட்டரில் ஒன்றுமே வராமல் போகலாம். மானிட்டர் கேபிளைக் கழற்றி மதர்போர்டில் உள்ள துளையில் செருகிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் பவரைத் துண்டித்துவிட்டு, போர்டில் உள்ள நாணய பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போகும். அது லெகசி முறையில் வந்து நின்றால், யூஇஎஃப்ஐக்கு மாற்றிய பிறகுதான் விண்டோஸ் கிளம்பும்.

இதையெல்லாம் முடித்துவிட்டு விண்டோஸ் 10 ஒழுங்காகக் கிளம்புகிறதா என்று பாருங்கள். கிளம்பினால் ஹெல்த் செக்கை மறுபடி ஓட்டுங்கள்.

6. வீட்டைக் காலி செய்யுங்கள்

சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். பழைய விண்டோஸை அப்படியே ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டுத்தான் புதியது ஏறும், அதனால் இடம் வேண்டும். தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸை நீக்குங்கள். அதன் லைசென்ஸ் எண்ணை எழுதிக்கொண்டு நீக்குங்கள், பிறகு தேடாதீர்கள். பிரின்டர், பென் டிரைவ், வெப்கேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கீபோர்டு, மவுஸ் மட்டும் வையுங்கள். நிலுவையில் உள்ள விண்டோஸ் 10 அப்டேட்டுகளை முடித்து ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

7. எந்த வழியில் ஏற்றுவது

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியிலேயே '11 தயார்' என்று காட்டினால் அதை அழுத்துவதே சுலபம். காட்டாவிட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள 'இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட்'. மூன்றாவது, ஐஎஸ்ஓ ஃபைலை (விண்டோஸ் நிறுவல் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, அதை டபுள் கிளிக் செய்து உள்ளே இருக்கும் 'செட்டப்'பை ஓட்டுவது.

ஃபோன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்களுக்கு மூன்றாவது வழியே நல்லது. ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல் இருக்கும். தினம் 2 ஜிபி பேக்கில் அது முடியாது. ஃபைபர் உள்ள நண்பர் வீட்டில் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வரலாம்.

ஐஎஸ்ஓ வழியில் ஒரு இடத்தில் நிறுத்திப் பாருங்கள்: 'எதை வைத்துக்கொள்ள?' என்ற கேள்வி. 'தனிப்பட்ட ஃபைல்களும் ஆப்களும்' என்பதைத் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். அது மங்கலாக இருந்தால் அங்கேயே கேன்சல் செய்யுங்கள். பெரும்பாலும் மொழிப் பொருத்தம்தான் காரணம். ஆங்கிலத்திலேயே 'இங்கிலிஷ்' என்றும் 'இங்கிலிஷ் இன்டர்நேஷனல்' என்றும் இரண்டு ஐஎஸ்ஓ உண்டு. ஒன்றில் ஆகாவிட்டால் மற்றொன்றை இறக்குங்கள்.

முழுவதும் அழித்து ஏற்றுவது, அதாவது கிளீன் இன்ஸ்டால், கணினி ஏற்கெனவே வைரஸ் பிடித்துச் சீரழிந்திருந்தால் மட்டும். 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, ஏனெனில் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அப்படிச் செய்பவர்கள் வைஃபை டிரைவரைப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோம் பதிப்பு தொடக்கத்திலேயே இணையம் கேட்கும், டிரைவர் இல்லாவிட்டால் வைஃபையே தெரியாது. ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டும் பல நேரம் சமாளித்திருக்கிறேன்.

8. ஓடவிட்டுவிட்டு எழுந்து போங்கள்

லேப்டாப் என்றால் சார்ஜரில் செருகியே இருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் எடுக்கும் நாளா என்றாவது பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நான் செய்தவற்றில் எஸ்எஸ்டி உள்ளவை ஒரு மணி நேரத்தைச் சுற்றி முடிந்தன, ஹார்ட் டிஸ்க் உள்ளவை மூன்று நான்கு மணி நேரம் இழுத்தன. நடுவில் பல தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகும். சதவீதம் ஒரே எண்ணில் அரை மணி நேரம் நிற்கும். டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்வரை தொடாதீர்கள்.

9. முதல் நாள் பார்க்க வேண்டியவை

'வின்வெர்' (winver) என்று தட்டிப் பதிப்பைப் பாருங்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் சரியாக இருக்கிறதா என்றும். பழைய லைசென்ஸே செல்லும், பணம் கேட்டு வரும் எதையும் நம்பாதீர்கள். பிறகு விண்டோஸ் அப்டேட்டை இரண்டு முறை ஓட்டினால் டிரைவர்கள் வந்து சேரும். அதற்குப் பிறகு பிரின்டரை இணையுங்கள்.

ஒன்டிரைவ் மெதுவாக உங்கள் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் தன் பக்கம் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். இலவச இடம் 5 ஜிபிதான். நிரம்பியதும் 'இடமில்லை' என்று தொல்லை கொடுக்கும். வேண்டாமென்றால் அதன் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்திய பின் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் திகைக்காதீர்கள், ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும்.

ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருப்பது வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்காது. டாஸ்க்பார் மேல் ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், 'அலைன்மென்ட்' இடது. பாமினி ஃபைல் ஒன்றைத் திறந்து பாருங்கள், தமிழ் கீபோர்டு இருக்கிறதா என்று விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டிப் பாருங்கள். நான்காம் படியில் நிறுத்திய என்கிரிப்ஷனை மறுபடி ஆன் செய்து, சாவியை மறுபடி பார்த்து எழுதி வையுங்கள். முழுவதும் ஆஃப் செய்திருந்தால் பழைய சாவி இனி உதவாது, 'சஸ்பெண்ட்' மட்டும் செய்திருந்தால் பழைய சாவியே செல்லும்.

10. பத்து நாள் கெடு

பிடிக்கவில்லை, பிரின்டர் ஓடவில்லை, டேலி தகராறு செய்கிறது என்றால் 10 நாளுக்குள் விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, 'கோ பேக்'. அதுவரை சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்றிருக்கும் ஃபோல்டரைத் தொடாதீர்கள். இடம் அடைக்கிறதே என்று மூன்றாம் நாளே அழித்துவிட்டுத் திரும்பிப் போக வழி கேட்டு வந்தவர்களும் உண்டு.

ஆகவே அந்தப் பத்து நாளில் வழக்கமாகச் செய்யும் எல்லா வேலையையும் ஒரு தடவையாவது செய்து பாருங்கள்: ஒரு பிரின்ட், ஒரு ஸ்கேன், டோக்கன் வைத்து ஒரு லாகின், ஒரு வீடியோ கால். திரும்பிப் போகும் முன்பும் புதிதாக உருவாக்கிய ஃபைல்களைக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

கெடு முடிந்ததும் கொஞ்ச நாளில் அந்த ஃபோல்டர் தானாகவே நீங்கிவிடும். நீங்காவிட்டால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், 'டெம்பரரி ஃபைல்ஸ்' போய், 'முந்தைய விண்டோஸ் நிறுவல்' என்பதை மட்டும் டிக் செய்து நீக்குங்கள். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒன்று இருக்கும், அதில் டிக் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.